அளவறிந்து இடுவோம்

ஆறும் அருவியும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சோலையாக்கியவர் எம் முன்னோர். அவர் சுண்ணக்கற் பாறையைப் பிளந்து கிணறு தோண்டினர். துலா மிதித்து நீர் இறைத்தனர். பனையோலை தாழ்த்தும், இலைகுழை புதைத்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும் செம்மண்ணை வளப்படுத்தினர். நீரும் எருவும் உடலுழைப்பின்றிக் கிடையாதிருந்தமையால், அவற்றின் அளவும் தானாகவே அமைந்திருந்தது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. யூரியா மூடையும் வந்தது. உழைப்பின் சுமை குறைந்தது நன்றே. ஆயின், அச்சுமையோடு அளவும் நீங்கிவிட்டமையே எமது கவலை.

வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய பயிர்களுக்கு இடும் நைதரசன் முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி நைத்திரேற்றாகி, பாய்ச்சிய நீரோடு பாறை வெடிப்புகளினூடே இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. வேறொரு சிறு பகுதி, ஈரம் மிக்க மண்ணில் நுண்ணுயிர்களின் செயலால் நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவாகி வானை அடைகின்றது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, இவ்வாயு காபனீரொட்சைட்டினும் 273 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது என்பது காலநிலை அறிஞர் கணிப்பு. இட்ட நைதரசனில் நூற்றிலொரு பங்கு இவ்வாறு நேரே வெளியேறுவதாகப் பொதுவிற் கொள்வர். அச்சிறு பங்கின் விளைவு சிறிதன்று. 50 கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதிலிருந்து எழும் அவ்வாயு ஏறக்குறைய 100 கிலோ காபனீரொட்சைட்டுக்கு நிகராகும்.

“பெருநாடுகளின் ஆலைகள் கக்கும் புகைக்கு முன்னே எங்கள் வெங்காயப் பாத்தி எம்மாத்திரம்?” என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும், வானுக்குச் செல்லும் விரயமும் கிணற்றுக்குச் செல்லும் விரயமும் ஒரே மூடையிலிருந்து புறப்படுவன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றையே எல்லையாக வகுத்துள்ளது. 1980 களிலிருந்து குடாநாட்டில் நிகழ்ந்த ஆய்வுகள் பலவும், தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருப்பதைக் கண்டன. மிகுந்த நைத்திரேற்று, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வன்மையைக் கெடுக்கும். வானைப் பற்றிய கவலை பிறர்க்குரியது என ஒதுக்குவோரும், தம் வீட்டுத் தொட்டிலை அவ்வாறு ஒதுக்க இயலாது.

இங்கு ஒரு கணக்கை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். மேற்கூறிய எல்லையளவு நைத்திரேற்றுடைய கிணற்று நீரை, ஓர் ஏக்கர் நிலத்துக்கு ஒரு போகத்தில் மொத்தம் 20 அங்குலம் பாய்ச்சினால், அந்நீரோடு ஏறத்தாழ 23 கிலோ நைதரசன் தோட்டத்துக்கு வந்து சேரும். அஃது ஒரு மூடை யூரியாவின் சத்து. முன்னர் காசு கொடுத்து வாங்கி இட்ட பசளையே கிணற்றிற் கிடக்க, அதனைக் கணக்கிற் கொள்ளாது மீண்டும் ஒரு மூடை வாங்குகின்றோம். வாங்காத மூடையால் பணம் மிஞ்சும், கிணறு தெளியும், வானும் அத்துணை வெம்மை குறையப் பெறும்.

பசளையைக் குறைக்கச் சொல்வோரைக் கமக்காரர் ஐயத்தோடு நோக்குவதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி முன்னேற்பாடின்றித் தடுக்கப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்படுவதற்குள் கமக்காரரின் நம்பிக்கை குலைந்தது. அடுத்து வந்த காலபோகத்தில் நாட்டின் நெல் விளைவும் பெரிதும் வீழ்ந்தது. அளவு என்பதும் தடை என்பதும் வெவ்வேறு. பயிரின் பசியறிந்து ஊட்டுதல் அளவு. பசித்த பயிரின் வாயை அடைத்தல் தடை. நாம் வேண்டுவது முன்னையதே. சாணமும் இலைகுழையும் இட்டாற் குற்றமில்லை என்று எண்ணி அளவின்றிக் கொட்டுதலும் தகாது. அவற்றின் நைதரசனும் அதே இரு வழிகளிற் செல்லக்கூடியதே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்தபின் பசளையின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். அதனை ஒரே தடவையில் இடாது, பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்திடல் வேண்டும். யூரியா இட்டபின் அது மண்ணுட் புகுமளவுக்கு மட்டும் நீர் விட்டு, பாத்தி நிறைந்து தேங்காமற் காத்தல் வேண்டும். வசதியுள்ளோர் சொட்டுநீர்ப் பாசனத்தை மேற்கொள்ளலாம். இரு போகங்களுக்கிடையே சணலைப் பயிரிட்டு மடக்கி உழுது, அது தரும் நைதரசனையும் கணக்கிற் சேர்க்கலாம்.

இவற்றுள் முதலாவதான சோதனையே பலர்க்கு எட்டாதிருக்கின்றது. இவ்விடத்தில் எம் கல்லூரிக்கு ஒரு கடமை உண்டு. விழாவை முன்னிட்டு மண்டபமும் வாயில்வளைவும் எழுப்ப முன்வரும் பழைய மாணவர், கல்லூரியின் விஞ்ஞானகூடத்தில் மண்ணையும் நீரையும் சோதிக்கும் வசதியொன்றையும் நிறுவுவாராக. மாணவர் தத்தம் ஊர்க் கிணற்று நீரைக் கொணர்ந்து, ஆசிரியர் துணையோடு சோதித்து, முடிவைக் கமக்காரரிடம் எழுத்திற் கொடுக்கட்டும். இரசாயனம் கற்ற பிள்ளை தன் தந்தைக்கு ஒரு மூடைப் பசளையின் செலவை மீதப்படுத்திக் கொடுப்பானாயின், கல்வியின் பயனைத் தோட்டக்காரருக்கு மேடையேறி விளக்க வேண்டிய தேவை எமக்கு இராது.