பாட்டுக்குப் பெயர் எழுதுங்கள்

தேக்காவில் வாங்கிய சிடிகள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. போட்டுக் கேட்கத்தான் கருவி இல்லை. புதிய மடிக்கணினிகளில் சிடி போட இடமே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று இருந்தால், எல்லாவற்றையும் வீட்டிலேயே கோப்புகளாக மாற்றிவிடலாம்.

எந்தத் தட்டில் தொடங்குவது? வீட்டில் 'பர்ன்' செய்தவற்றை முதலில் எடுங்கள். கடைத் தட்டில் ஒலி அழுத்திப் பதிக்கப்பட்டது. பர்ன் செய்ததில் அது ஒரு சாய அடுக்கில் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் மங்கும். தாத்தா பாடிய தேவாரமும் அக்காவின் அரங்கேற்றமும் பெரும்பாலும் இந்த வகைத் தட்டில்தான் இருக்கும். அவற்றுக்குக் கடையில் மறு பிரதி கிடைக்காது. இளையராஜா காத்திருப்பார்.

கோப்பு வகையில் நான் ஃபிளாக் கட்சி. எம்பி3 அளவைக் குறைக்க ஒலியில் ஒரு பகுதியை விட்டுவிடும். ஃபிளாக் எதையும் விடாமல் சுருக்கும். ஒரு மணி நேரத் தட்டு அசலில் சுமார் 600 எம்பி. ஃபிளாக்கில் பெரும்பாலும் 300 முதல் 400 வரை. 200 தட்டுகளுக்கு 80 ஜிபி போதும். கைப்பேசிக்கு வேண்டுமானால் ஃபிளாக்கிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். எம்பி3 விட்டதைத் திரும்பப் பெற வழியில்லை.

விண்டோஸ் கணினிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இருக்கிறது. கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரமாகும், ஆகட்டும். தட்டைத் துடைக்கும்போது மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

பெரிய வேலை பெயர் எழுதுவதுதான். இணையத்திலிருந்து தானாக வந்து விழும் பெயர்களை நான் நம்புவதில்லை. இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்; மென்பொருளுக்கு அது மூன்று ஆள். 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' கட்டத்தைக் காலியாக விட்டால், ஒரே படத்தின் பாடல்கள் பாடகர் வாரியாகச் சிதறிவிடக்கூடும். நான் அங்கே இசையமைப்பாளரையும், ஆல்பத்தில் படத்தையும், ஆர்டிஸ்டில் பாடகரையும் தமிழிலேயே எழுதுகிறேன். (காரில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பாட்டு பாடுகிறதே, போதும்.) வீட்டுப் பதிவுகளில் பாடியது யார், எந்த ஊரில், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டினால், குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

முடிந்ததும் மொத்தத்தையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதை அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.