காகிதத் தொப்பி

சிறுவர் விளையாட்டு வீண்பொழுது என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. கையும் கண்ணும் கருத்தும் ஒருங்கே இயங்கும் விளையாட்டு, கல்வியின் முதற்படியாகும். சிறுவரோடு கூடி விலங்குருவத் தொப்பிகளைக் காகிதத்தால் செய்தல் அத்தகைய விளையாட்டுகளுள் ஒன்று.

இதற்கு வேண்டும் பொருள்கள் சிலவே. பழைய செய்தித்தாளும் பசையும் வண்ணமும் போதும். தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் இரு மூலைகளும் நடுவே கூடுமாறு மடக்கி, எஞ்சிய கீழ் விளிம்பை இருபுறமும் மேல்நோக்கி மடித்தால் தொப்பி அமைந்துவிடும். நீண்ட காதுகளை ஒட்டினால் அது முயல். அகன்ற செவியும் தொங்கும் துதிக்கையும் ஒட்டினால் யானை. மடிக்குந்தோறும் செவ்வகமும் முக்கோணமும் சிறுவர் கையிலே பிறக்கின்றன. பாதி இன்னது, சமம் இன்னது என்பது சொல்லாமலே விளங்குகிறது. காகித மடிப்பால் வடிவக் கணிதம் பயிலும் முறையை விளக்கி, டி. சுந்தர ராவ் என்பார் 1893-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார்.

விருதுநகர் மாவட்டத்திலோ இவ்விளையாட்டுக்குத் தனிச்சிறப்பு உண்டு. சிவகாசியும் அதன் சுற்றூர்களும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களால் வளர்ந்தவை. இம்மூன்றுக்கும் காகிதம் இன்றியமையாதது. ஒரு காலத்தில் இங்குள்ள சிறுவர் பலர் காகிதத்தை அறிந்தது ஏட்டின் வாயிலாக அன்று. தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குழல் சுருட்டியுமே அறிந்தனர். பொழுது புலருமுன் தொழிற்சாலை வண்டியில் ஏறிச் சென்றோரும் உளர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. சிவகாசிச் சிறுவரின் நிலை பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு சிறுவர்க்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அது பணித்தது. 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009-இல் நிறைவேறியது.

அன்றைய வேலைக்கும் இன்றைய விளையாட்டுக்கும் காகிதமும் பசையும் ஒன்றே. எனின், வேறுபாடு யாது? பெட்டி ஒட்டிய சிறுவன் ஒன்றைப் போலவே மற்றொன்றாகக் குரோசுக் கணக்கில் ஒட்டினான். அவன் விரைவுக்குக் கூலி உண்டு, எண்ணத்துக்கு இடமில்லை. தொப்பி செய்யும் சிறுவனோ தான் எண்ணியதைத் தன் கையால் உருவாக்குகிறான். ஆகவே, விழாவுக்கென்று ஒரே அச்சில் ஐம்பது தொப்பிகள் செய்யுமாறு சிறுவரை ஏவுதல் தகாது; அது விளையாட்டின் பெயரால் வரும் வேலையே ஆகும். பெரியோர் தாமே செய்து முடித்துச் சிறுவர்க்கு அணிவித்தலும் தகாது. காது கோணியிருப்பினும் குழந்தை ஒட்டிய காதே அழகுடையது.

எவ்விலங்கைச் செய்வது என்பதையும் சிறுவரே தேர்தல் வேண்டும். சிங்கமும் புலியும் அவர்கள் முதலில் நாடுவன. அவற்றோடு, தம் மாவட்டத்து விலங்கையும் அவர்கட்கு அறிமுகம் செய்யலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் சாம்பல் நிற மலை அணிலைக் காக்க 1988-இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. அவ்வணிலின் நீண்ட வாலைத் தொப்பியின் பின்னே ஒட்ட விழையும் சிறுவன், அதன் உருவை ஊன்றி நோக்குவான். நோக்கியதன்மேல் அன்பும் கொள்வான்.

ஒன்றை மறத்தலாகாது. காகிதத் தொப்பி அணிந்து விளக்கருகிலோ வெடி வெடிக்கும் இடத்திலோ சிறுவர் நிற்றல் கூடாது.

மேல்வகுப்பு மாணவர்கள் விடுமுறை நாளில் தம்பி தங்கையரோடு அமர்ந்து இத்தொழிலைப் பழகுவாராக. உழைப்பால் உயர்ந்த ஊர் சிவகாசி. அவ்வூரின் காகிதம் சிறுவர் தலையில் சுமையாக அன்றித் தொப்பியாக ஏறுதலே அவ்வுழைப்புக்குப் பெருமையாகும்.