முதலாளி இல்லாத முனியாண்டி விலாஸ்

பஸ்ஸை விட்டு இறங்கிப் பசியோடு நாலு பக்கமும் பார்க்கிற பிரயாணியின் கண்ணில், ஊர் தஞ்சாவூரானாலும் சரி, தருமபுரியானாலும் சரி, ‘மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்’ என்ற பலகை ஒன்று பட்டுவிடுவதால், இத்தனை கடைகளையும் நடத்துகிற மகா தனவந்தர் ஒருவர் மதுரையில் உட்கார்ந்திருக்கிறார் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படி ஒருவர் கிடையாது. கடைக்குக் கடை முதலாளி வேறு; கணக்கு வேறு; கைப்பக்குவமுங்கூட வேறுதான். இவர்களுக்கெல்லாம் பொதுச் சொத்தாக இருப்பவை ஒரு கிராமமும் அந்தக் கிராமத்துச் சாமியுமே.

அந்தக் கிராமம், மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தைக் கடந்து, கள்ளிக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் வடக்கம்பட்டி. வானம் பார்த்த பூமி. மழையை நம்பி ஏர் பிடித்து அலுத்துப்போன அவ்வூர்க்காரர் ஒருவர், 1937-ஆம் வருஷத்தில் காரைக்குடிக்குப் போய், முனியாண்டி சுவாமியின் பெயரால் அசைவச் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் திறந்தார். வியாபாரம் கைகொடுத்ததைக் கண்டு உற்றார் உறவினர் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, அதே பெயரில் ஊர்தோறும் கடை போட, தமிழ்நாட்டைத் தாண்டிக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அப்பலகை ஏறியது.

அக்காலத்து ஹோட்டல்களை எண்ணிப் பார்த்தால் இதன் விசேஷம் விளங்கும். நகரங்களில் பேர்போன போஜனசாலைகளும் காபி கிளப்புகளும் பெரும்பாலும் சைவம். பலவற்றின் பலகையில் ‘பிராமணாள்’ என்ற அடைமொழி வேறு. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் பெரியார் மறியல் நடத்தியது அச்சொல்லை எதிர்த்துத்தான். வடக்கம்பட்டிக்காரர்களோ தங்கள் ஜாதியைப் பலகையில் எழுதாமல் சாமியை எழுதினார்கள். சந்தைக்கு வந்த சம்சாரியும், லாரி ஓட்டியும், கோர்ட்டு வழக்குக்காக வந்து காத்துக் கிடப்பவரும் கூச்சமின்றி உள்ளே போய், வாழை இலை போட்டு, கறிக்குழம்பும் சுக்காவும், கடைசியில் ரசமுமாக, வீட்டில் உண்பதைப் போலவே உண்டு எழுந்தார்கள்.

இக்கடைகள் பெருகிய விதம் எந்த வியாபார சாஸ்திரப் புத்தகத்திலிருந்தும் வந்ததன்று. ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட பையன் முதலில் மேஜை துடைப்பான். பிறகு இலை போட்டுப் பரிமாறுவான். அடுப்படியிலும் கல்லாப்பெட்டியிலும் சில வருஷங்கள் பழகிய பின், உறவினர்களின் ஒத்தாசையோடு வேறோர் ஊரில் தானே கடை வைப்பான். பழைய முதலாளிக்குப் பங்கும் இல்லை, பெயருக்குக் கட்டணமும் இல்லை.

சாமிக்கு மட்டும் கடன் உண்டு. அன்றாடம் முதல் வியாபாரத்தில் வரும் பணத்தைத் தனியே எடுத்து வைத்து, அப்படிச் சேர்ந்ததைக் கொண்டு இக்கடைக்காரர்களுள் நாயுடு சமூகத்தார் தை மாதத்திலும், ரெட்டியார் சமூகத்தார் மாசியிலும் வடக்கம்பட்டியில் விழா எடுக்கிறார்கள். கடைகளை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு வருகிற ஹோட்டல்காரர்கள் பால்குடம் எடுப்பதும், நேர்ந்துவிட்ட கிடாய்களை வெட்டுவதும், இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, சாமிக்குப் படைத்து, விடிந்தும் விடியாத பொழுதில் வந்தவர்க்கெல்லாம் பிரசாதமாக வழங்குவதும் பல்லாண்டு வழக்கம். வருஷமெல்லாம் சோற்றுக்குக் காசு வாங்கியவர்கள், அன்றைக்கு ஒருவரிடமும் வாங்குவதில்லை.

ஒரு ஸ்தாபனம் நிலைத்திருப்பதற்குச் சட்டமும் பத்திரமும் வேண்டும் என்பது நம் காலத்துப் பொது அபிப்பிராயம். இவர்கள் பத்திரம் எழுதாததால் நஷ்டமும் அடைந்திருக்கிறார்கள்: அப்பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், ஒரு கடையின் மோசமான குழம்புக்கு மற்ற கடைகளும் பழி சுமக்கலாம். ஆயினும், எச்சில் மேஜை துடைத்த பையன் தானும் முதலாளியாகலாம் என்ற ஏற்பாட்டை எந்தப் பத்திரமும் இவ்வளவு தாராளமாக எழுதித் தந்திருக்காது. பெயரைக் காப்பாற்றப் பூட்டுப் போட்டிருந்தால் அது காரைக்குடியிலேயே நின்றிருக்கும் என்பதே என் எண்ணம்.