உப்புக் கரிக்கும் வியர்வையும் ஓயாத இருமலும்

ராஜபாளையம், சோழபுரம், சத்திரப்பட்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இப்பிரதேசத்தில் நூற்பாலைகளும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும் ஓயாது ஓடிக்கொண்டிருப்பதால், குழந்தை இருமினால் பஞ்சுத்தூசி என்றும், இருமல் மாதக்கணக்கில் நீடித்தால் காசநோயோ என்றும் எண்ணுவது இயல்பாகிவிட்டது. நியாயமான சந்தேகங்களே அவை. ஆனால் காசநோய் மருந்து கொடுத்தும் சளி ஓயாமல், வயிறார உண்டும் உடம்பு தேறாமல், மலம் எண்ணெய்ப் பசையோடு போகும் குழந்தையிடத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி வியாதியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியருக்கே உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வியாதி இந்தியக் குழந்தைகளுக்கும் உண்டென்பது 1960களிலிருந்தே அறியப்பட்டதுதான். தாய், தந்தை இருவரிடமும் மறைந்துள்ள மரபணுக் குறை ஒன்றுசேர்ந்தால்தான் இது குழந்தைக்கு வரும்; ஆதலால், சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் சமூகம் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

இவ்வியாதியை அறியும் வழி விந்தையானது. 1948இல் நியூயார்க் நகரை வாட்டிய கடுங்கோடையில், வெப்பத்தால் துவண்டு விழுந்த குழந்தைகளுள் பலர் இந்நோயாளிகளாயிருக்கக் கண்ட டி சாண்ட் அக்னீஸ் என்ற வைத்தியர், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் பெரும்பாலும் நிச்சயம். முத்தமிடும்போது குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறதென்று தாய் சொன்னால், கத்திரி வெயில் காயும் நம் சீமையில் அது வைத்தியர் செவிகொடுத்துக் கேட்க வேண்டிய சாட்சியம்.

உப்பும் நீரும் செல்லணுக்களின் வழியே சரிவரப் போய்வராமையால் மூச்சுக்குழாய்ச் சளி பசையாய் இறுகிவிட, அதில் சூடோமோனாஸ் என்னும் கிருமி குடியேறுகிறது. முதன்முறையாக அது தென்பட்டவுடனே, டோப்ராமைசின் மருந்தை நெபுலைசர் வழியாக நாளுக்கு இருமுறை 28 நாட்கள் சுவாசிக்கச் செய்தால் பெரும்பாலான குழந்தைகளிடம் அதை ஒழித்துவிடலாம். அத்தருணம் தவறினாலோ, கிருமி தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான கவசமொன்றை அமைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் தங்கிவிடும். பின்னர் ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் ஓய்வு என்று மாறிமாறி அதை அடக்கிவைப்பதும், நோய் முற்றும்போது இரண்டு மருந்துகளை இரண்டு வாரம் நரம்பில் ஏற்றுவதுமே கதியாகிறது. ஆகையால் மூன்று மாதத்துக்கொரு முறை சளியைக் கல்ச்சர் செய்வதே இச்சிகிச்சையின் உயிர்நிலை என்பேன். அத்துடன், உப்புநீரை நெபுலைசர் வழியாகச் சுவாசிக்கச் செய்து, முதுகில் தட்டிச் சளியை வெளியேற்றும் பிசியோதெரபி தினந்தோறும் நடைபெற வேண்டும்.

மரபணுக் குறையின் விளைவையே திருத்தும் கூட்டு மாத்திரை 2019இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுவிட்டது. விலையோ சாமானியர் எட்டக்கூடியதன்று. என்றேனும் அது நம் குழந்தைகளுக்குக் கிட்டுமாயினும், அதற்குள் தழும்பேறிச் சிதைந்த நுரையீரலை அம்மாத்திரை மீட்டுத் தராது. அந்நாள் வரையில் நுரையீரலைக் காத்துக்கொடுப்பது சர்க்காரின் கடமை.

இதற்குப் புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வருகிறார். சோழபுரம் போன்ற ஊரில் இத்தகைய குழந்தை ஒன்று இருக்குமானால், அவர் அவ்வீட்டிலும் ஏறி, சளியை வெளிக்கொணரும் முறையைத் தாய்க்குக் கற்பித்து, கல்ச்சருக்கான சளியையும் பெற்றுச் செல்லட்டும். விருதுநகர், மதுரை, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகள் மூன்றிலும் வியர்வைப் பரிசோதனை இடையறாது கிடைக்கவும், டோப்ராமைசின் இலவசமாய் வழங்கப்படவும் சுகாதார அமைச்சர் உத்தரவிட வேண்டும்.