"டாக்டர் கெடைக்கலியோ?"

எங்க புதியம்புத்தூர் பக்கம் ஒரு பிள்ளை பி.எஸ்சி. விலங்கியலோ நுண்ணுயிரியலோ சேர்ந்துட்டாப் போதும், தெருவுல போறவுக வாறவுக எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "ஏம்மா, டாக்டர் கெடைக்கலியோ?"

கேக்குறவுகளுக்கு அது சும்மா விசாரிப்பு. கேட்டுக்கிட்டு நிக்கிற பிள்ளைக்கு அது தீர்ப்பு. நீ தோத்தவ, இது உனக்கு ஆறுதல் பரிசு!

மக்கா, உயிரியல் என்ன மருத்துவக் கல்லூரி வாசல்ல போட்ட பெஞ்சா, இடம் கெடைக்குற வரைக்கும் உக்காந்திருக்க?

சிதம்பரத்துல 1952-ல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்குவோம். பரோடாவுல மருத்துவ சீட்டு கெடைச்சும் வேண்டாம்னுட்டு இயற்பியல் படிச்சவர். அமெரிக்காவுல 1976-ல முனைவர் பட்டம் வாங்கின பெறகு, உயிரியல் கத்துக்கணும்னு மறுபடி மாணவராப் போய் உக்காந்தார். செல்லுக்குள்ள புரதம் தயாராகுற பட்டறைக்கு ரைபோசோம்னு பேரு. அதோட அமைப்பைத் தெளிவாக்கினதுக்கு 2009-ல நோபல் பரிசு, இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து. டாக்டர் எழுதித் தர்ற அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் எல்லாம் பாக்டீரியாவோட ரைபோசோமை முடக்கித்தான் வேலை செய்யுது. அவர்ட்டயும் போய்க் கேப்பமா, "டாக்டர் கெடைக்கலியோ?"ன்னு?

அவ்வளவு தூரம் வேண்டாம், நம்ம கரிசக்காட்டுக்கே வாங்க. எங்கூரு பொழைப்பே ரெடிமேட் துணி. துணிக்கு மூலம் பருத்தி. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லேர்ந்து இருக்கு. மானாவாரிப் பருத்தி ரகங்களை உருவாக்கின எடம். 2002-ல பி.டி. பருத்திக்கு அனுமதி கெடைச்சது. காய்ப்புழுப் பிரச்சினை தீர்ந்ததுன்னாங்க. 2010-லயே குஜராத்துல இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கப் பழகிடுச்சுன்னு செய்தி வந்துட்டு. அது எப்படிப் பழகுச்சு, அடுத்து என்ன செய்யன்னு சொல்ல ஸ்டெதஸ்கோப் போட்டவர் வர மாட்டார். பூச்சியையும் மரபணுவையும் படிச்ச ஆளுதான் வரணும்.

"அதெல்லாம் சரிதான், வேலை?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வெறும் பி.எஸ்சி.யோட நின்னா கஷ்டம்தான், மறுக்கலை. பல கல்லூரியில ரெக்கார்டு நோட்டுல படம் வரையிறதோட உயிரியல் முடிஞ்சிருது, அதுவும் உண்மை. ஆனா அடுத்த படி இருக்குன்னு அந்தப் பிள்ளைட்ட யாராவது சொன்னமா? பன்னிரண்டாவது முடிச்சதும் ஐசர் நுழைவுத் தேர்வு எழுதலாம். திருவனந்தபுரத்துலயே ஒரு ஐசர் இருக்கு. பட்டம் முடிச்சா ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. எம்.எஸ்சி.க்குப் பெறகு நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கி ஆராய்ச்சியில சேர்ந்தா 2023-லேர்ந்து மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எடம் கம்மி, போட்டி ஜாஸ்தி, தொகை சில நேரம் தாமதமா வரும். இருந்தாலும் வழின்னு ஒண்ணு இருக்கே!

நீட் கோச்சிங்குக்கு வருஷக்கணக்கா லட்சத்தைக் கொட்டுறோம். இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட மட்டும் யோசிக்கிறோம். பணம் இல்லாமயா? மரியாதை இல்லைன்னு நாமளே முடிவு கட்டிட்டதாலதான்.

அதனால, அடுத்த தடவை அப்படி ஒரு பிள்ளையைப் பாத்தா, "எதைப் பத்திப் படிக்கம்மா?"ன்னு கேளுங்க. பதில் சொல்லும்போது அது முகத்தைப் பாருங்க.

டிஸ்கி: ஆய்வகத்துல குப்பை கொட்டிக்கிட்டு இருக்குற சக பதிவர்களே, மொக்கைக்கு ஒரு நாள் லீவு விட்டுட்டு, நீங்க அங்க எப்படிப் போய்ச் சேர்ந்தீங்கன்னு ஒரு பதிவு போடுங்க. தமிழ்ல. எங்கூருப் பிள்ளைங்க படிக்கணும்.