மணி அடித்த பிறகு விதியை மாற்றாதீர்கள்

மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாலை ஆறு மணிக்கு மேல் நாங்கள் ஒரு படிப்பகம் நடத்துகிறோம். வரும் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் இதே பகுதியின் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்பவர்கள். 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகி, அந்த ஆண்டே பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும்தான் மகிழ்ந்தோம். மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ எங்களுக்கு பிளஸ் ஒன் பாடம் நடத்துவாங்களாக்கா?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

2017-க்கு முன்பு பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன. கல்லூரி கேட்டது பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும்தான். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 என்பது இரண்டு ஆண்டுக்கும் தலா 600 ஆனது. இரண்டும் சேர்ந்துதான் கணக்கு என்று சொல்லப்பட்டது. அதை நம்பி 2018 மார்ச்சில் பிள்ளைகள் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் ஒன் மதிப்பெண் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. எழுதி முடித்த பிறகு!

2021இல் கொரோனா. பிளஸ் டூ தேர்வு ரத்து. உயிர் முக்கியம், அதில் சண்டையில்லை. ஆனால் மதிப்பெண்ணை எப்படிப் போட்டார்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. எங்கள் படிப்பகத்து மாணவி ஒருத்தி 2019இல் பத்தாம் வகுப்புத் தேர்வை அம்மாவின் மருத்துவமனைப் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்து படித்து எழுதியவள். பிளஸ் டூவில் வகுப்பிலேயே முன்னணியில் இருந்தாள். சூத்திரமோ அவளைப் பதினைந்து வயதுக்குத் திருப்பி அனுப்பியது. திருப்தி இல்லாதவர்கள் ஆகஸ்டில் தேர்வு எழுதலாம் என்றார்கள். அதற்குள் கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கிவிட்டன. அவள் காத்திருக்கவில்லை. கிடைத்த பாடத்தில் சேர்ந்தாள்.

பிறகு 2025. ஜூனில் பள்ளி திறந்து, ஆகஸ்டில் அறிவிப்பு. மறுபடியும் மணி அடித்த பிறகு விதி மாறியது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறோமா? இல்லை. பதினாறு வயதில் அரியரைச் சுமந்து, பள்ளியை விட்டே போன நம் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் தேர்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் போனால் யாருக்கு லாபம்? நீட்டும் ஜேஇஇயும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. காசு உள்ளவர் அதைப் பயிற்சி மையத்தில் வாங்கிக்கொள்வார். நம் பிள்ளைக்குப் பள்ளி மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இல்லை, முகம் இல்லை, ஊரும் சேரியும் இல்லை. திருத்துபவருக்குத் தெரிவது எழுத்து மட்டும். நகல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். அகமதிப்பீட்டில் எல்லாம் தெரியும். பொறியியல் கட்-ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீடு 10. அதாவது 200இல் 20 பள்ளியின் கையில். இயற்பியல், வேதியியல் செய்முறையையும் சேர்த்தால் எழுத்துத் தேர்வுக்கு வெளியே 40. அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறும் கலந்தாய்வில் இது சின்ன எண் அல்ல. எல்லா ஆசிரியரும் சாதி பார்க்கிறார்கள் என்று சொல்லவில்லை. எங்களில் பலரைத் தூக்கிவிட்டதே ஆசிரியர்கள்தான். பார்க்கிற ஒருவரிடம் பிள்ளை மாட்டிக்கொண்டால் முறையிட ஓர் இடம் வேண்டும் என்கிறோம். 2021இல் அந்த 30 விழுக்காடு செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் வந்த மதிப்பெண். யார் கேள்வி கேட்டார்கள்?

நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்று நாமும்தான் தெருவில் நின்றோம். 1200க்கு 1176 எடுத்த அனிதாவை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்த பிறகு அந்த முழக்கம் நமக்கு வெறும் முழக்கம் அல்ல. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்கிற அரசுக்கு, அந்த மதிப்பெண்ணை நேர்மையாகக் காப்பாற்றும் கடமையும் இருக்கிறது. ஆண்டுக்கொரு சூத்திரம் போட்டால் "உங்கள் மதிப்பெண்ணை எப்படி நம்புவது?" என்று டெல்லி கேட்கும். அப்போது நம்மிடம் பதில் இருக்காது.

நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று: மதிப்பெண் விதியில் எந்த மாற்றமும் அடுத்துச் சேரும் மாணவர்களுக்கே பொருந்த வேண்டும். பாதி வழியில் இருப்பவர்களுக்குக் கூடாது.

இரண்டு: அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைத் தேர்வுத்துறைக்கு அனுப்பும் முன், காரணத்தோடு மாணவரிடம் எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு பள்ளிக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூன்று: பிளஸ் ஒன் ஆண்டிறுதித் தேர்வு பொது வினாத்தாளோடு, வேறு பள்ளி ஆசிரியர் திருத்துவதாக இருக்கட்டும். யாரும் தோற்க வேண்டாம். பாடம் நடந்ததா என்று தெரிந்தால் போதும்.

கல்லூரியில் இருக்கும் தோழர்களே, உங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். இந்த வாரம் அதன் நோட்டை வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று குறித்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அதன் அம்மாவோடு போய் உட்காருங்கள். அந்த மாணவி கேட்ட கேள்வியை அங்கே உரக்கக் கேளுங்கள்.

ஜெய்பீம்.