உப்பில் செய்த பனி

மொன்றியல் ஷெர்புரூக் வீதியில் இருக்கும் மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் 1866ஆம் ஆண்டின் புகைப்படத் தொடர் ஒன்று உண்டு. பனிக்காட்டில் கரிபூ மான் வேட்டை. பிடித்தவர், ஸ்கொட்லாந்திலிருந்து 1856இல் இங்கே குடியேறிய வில்லியம் நோட்மன். பிடித்த இடம் காடல்ல, அவருடைய ஸ்டூடியோ. தரையில் உப்பைக் கொட்டிப் பனியாக்கினார். நெகட்டிவில் வெள்ளை மையைத் தெளித்துப் பனி பொழிய வைத்தார்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். இலங்கையின் 83 கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர், யாரோ வீதியில் நிறுத்திவிட்டுப் போன காரில் சாய்ந்து நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்பினோம்! என்னுடைய படத்தில் ஜக்கெற் இரவல். கோப்பை கழுவி வெடித்துப்போன கைகள் இரண்டும் பொக்கெற்றுக்குள். யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்தவர்கள் நான் நன்றாக இருக்கிறேன் என்று நம்பினார்கள்; நம்பத்தான் அனுப்பினேன்.

நோட்மனின் படங்களைப் போன்ற அருங்காட்சியகப் பொருள் ஒன்றைப் பார்த்துக் கதையோ கவிதையோ எழுதச் சொல்லும் பட்டறைகள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால், பொருளைப் பற்றித் தெரிந்தது எது, எழுதுபவர் கற்பனை எது என்று பிரித்து வைக்காவிட்டால், கதை நாளடைவில் வரலாற்றின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடும்.

நாங்கள் வாழும் மொன்றியல் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் பெயரே இதற்குச் சாட்சி. 1660 மே மாதம் ஒட்டாவா ஆற்றங்கரை லோங் சோ என்ற இடத்தில், ஆடம் டொலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இரோகுவாப் பழங்குடிப் படையோடு மோதி இறந்தார். அவர் பக்கத்தில் 16 பிரெஞ்சு இளைஞர்கள் இருந்தார்கள்; பழங்குடியினரான ஏறக்குறைய 40 ஹியூரன்களும் 4 அல்கொன்கின்களும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனெல் குரூ என்ற பாதிரியாரும் அவரைப் போன்றவர்களும் டொலார்டை மதத்துக்கும் இனத்துக்கும் உயிர் கொடுத்த வீரராக எழுதினார்கள். 1920இல் லாஃபொன்டேன் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது. 1924இல் இந்த ஊர் அவர் பெயரோடு தனி ஊராட்சியானது. அவர் மொன்றியலைக் காக்கப் போனாரா, தோல் வணிகச் சரக்கைப் பறிக்கப் போனாரா என்று வரலாற்றாசிரியர்கள் பின்னர் சண்டையிட்டார்கள். 2003இல் அவர் பெயரிலிருந்த மே மாத விடுமுறையும் வேறு பெயருக்குப் போய்விட்டது. ஹியூரன் தலைவர் அனஹொட்டகாவின் பெயரை இன்று எங்கள் தெருவில் எத்தனை பேர் அறிவார்கள்? எழுதியவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கதையை நாங்கள் எழுதாவிட்டால் எங்களுக்கும் அந்த இடம்தான். வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால், நோட்மனின் உப்பைப் பனி என்று பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தவர்களாவோம்.

இந்த ஊரிலே முருகன் கோவில் இருக்கிறது, நகர நூலகம் இருக்கிறது. இரண்டிலும் ஆளுக்கொரு பொருளோடு கூடலாம்: வான் கடிதம், அகதி விண்ணப்பத்தின் பிரதி, முதல் குளிர்காலச் சப்பாத்து, இரவல் ஜக்கெற் படம். முதலில் உண்மை விவரம்: யார், எங்கே, எந்த ஆண்டு, யார் கொடுத்தது. அதற்குக் கீழே, தனியாக, கதை. தமிழிலோ பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பிள்ளைகள் விரும்பியபடி எழுதட்டும். கற்பனை என்று தலைப்பில் போட்டால் போதும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வரும் ‘நூலகம்’ என்ற நிறுவனம், தன்னார்வலர் உழைப்பால் எவ்வளவு செய்யலாம் என்று காட்டியிருக்கிறது. ஒரு புறநகரத்தின் அலுமாரி ஒன்றை நிரப்ப எங்களால் முடியாதா?

அல்பத்தைத் திறந்து ஒரு படத்தையாவது எடுங்கள். அதன் பின்புறம் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். அந்தக் கார் யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள்.